ஈராக்கில் தேர்தல் கேட்டது யார்?

2019 அக்டோபர் கடைசி. ஷார்ஜாவில் நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்குவாதம். எங்களோடு தெற்கு ஈராக்கின் பாஸ்ராவைச் சேர்ந்த மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். அந்த நாட்களில் அவர் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவே மாட்டார். வேலையில்லாமைக்கும் ஊழலுக்கும் எதிராகப் பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் இளைஞர்கள் இரவும் பகலும் கூடியிருந்தார்கள். கண்ணீர்ப் புகைக்கு நடுவே காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோக்கள் பறக்கும் காட்சிகள் ஒவ்வொரு மணி நேரமும் வந்துகொண்டிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த கெய்ரோக்காரர், எங்கள் கணக்காளர், ஏக்கத்தோடு சொன்னார்: “உங்களுக்காவது எதிர்த்துக் கேட்க ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது. 2003-இல் அமெரிக்கப் படை வராமல் போயிருந்தால் அதுவும் இருந்திருக்காது.” பாஸ்ராக்காரர் கோபப்படவில்லை. “சதாமை எடுத்தது அவர்கள்தான், அதை நான் மறுக்க மாட்டேன். என் அண்ணன் சதாமின் சிறைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. ஆனால் தேர்தலை அவர்கள் கொடுக்கவில்லை, ஹபீபி. அவர்கள் வேண்டாம் என்றார்கள். நாங்கள் தெருவில் இறங்கிக் கேட்டு வாங்கினோம்” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அந்நியப் படை வந்தால் அரபு நாடுகளில் ஜனநாயகம் வருமா என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாம் எண்ணெய்க்காகத்தான் என்பது ஒன்று. சர்வாதிகாரியை வேறு எப்படித்தான் இறக்குவது என்பது இன்னொன்று. முதல் பதில் நோக்கத்தோடு நின்றுவிடுகிறது. நோக்கம் கெட்டதாக இருந்தும் விளைவு நல்லதாக முடியலாம் அல்லவா? இரண்டாவது பதில் சர்வாதிகாரி இறங்கியதோடு நின்றுவிடுகிறது. அவன் இறங்கிய மறுநாள் காலையில் யார் யாரிடம் பேசியாக வேண்டும், யாருக்கு யாருடைய சம்மதம் தேவைப்படுகிறது என்பதை இரண்டு பதில்களும் கேட்பதில்லை. பாஸ்ராக்காரர் சொன்னது அந்த இடத்தைத்தான் தொட்டது.

நஜஃபிலிருந்து வந்த கடிதம்

சதாம் காலத்து ஈராக்கை யாரும் வெள்ளையடிக்கத் தேவையில்லை. 2002 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் பதிவான அத்தனை வாக்கும் சதாமுக்கே, 100 சதவீதம் என்று அறிவித்த அரசு அது. படை வராமல் அந்த ஆட்சி எப்போது விழுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1991 பிப்ரவரியில், குவைத் போரின்போது, அமெரிக்க அதிபர் மூத்த புஷ் ஈராக்கியர்களைச் சதாமுக்கு எதிராக எழச் சொன்னார். மார்ச்சில் பாஸ்ராவும் தெற்கு நகரங்களும் எழுந்தன. போர்நிறுத்தப் பேச்சில் ஹெலிகாப்டர் பறக்க ஈராக்கியத் தளபதிகள் அனுமதி கேட்டார்கள், அமெரிக்கர்கள் கொடுத்தார்கள். அதே ஹெலிகாப்டர்களால் எழுச்சி நசுக்கப்பட்டது. பக்கத்திலேயே நின்ற அமெரிக்கப் படை பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்ராக்காரர்களின் நினைவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2003 அவர்களுக்கு இரண்டாவது அத்தியாயம்.

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. மே மாதம் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் அமெரிக்கத் தலைவராகப் பால் பிரெமர் வந்து சேர்ந்தார். அவருடைய முதல் ஆணை சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தாரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. இரண்டாவது ஆணை நான்கு லட்சத்தை நெருங்கும் ராணுவத்தைக் கலைத்தது. இந்த இரண்டையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் நீட்டவில்லை. அதே கோடையில் நடந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஷியாக்களின் புனித நகரமான நஜஃபில் அமெரிக்க மரைன் படையினரே மேயர் தேர்தலுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருந்தது. ஜூனில் பிரெமர் அதை நிறுத்தினார். வேறு ஊர்களிலும் உள்ளூர்த் தேர்தல்கள் நின்றன. இவ்வளவு சீக்கிரம் வாக்கெடுப்பு வைத்தால் அமைப்பாகத் திரண்டிருப்பவர்கள்தான், அதாவது பழைய பாத்தியரோ மதக் கட்சிகளோதான், வெல்வார்கள் என்பது அவர் தரப்பு வாதம். முதலில் நாங்கள் தேர்ந்தெடுப்பவர்கள் அரசியலமைப்பு எழுதட்டும், தேர்தல் பிறகு.

அந்த ஜூன் மாதமே நஜஃபிலிருந்து பதில் வந்தது. ஈராக்கிய ஷியாக்களின் மூத்த மார்க்க அறிஞர் ஆயத்துல்லா அலி சிஸ்தானி, ஈரானின் மஷ்ஹதில் பிறந்து இளவயதில் நஜஃபுக்குப் படிக்க வந்தவர், இமாம் அலி அடக்கத்தலத்துக்கு அருகே ஒரு சந்தில் வாடகை வீட்டில் வாழ்ந்தவர். வீட்டை விட்டு அபூர்வமாகவே வெளியே வருவார். பிரெமர் எவ்வளவு முயன்றும் அவரைச் சந்திக்க முடியவில்லை. கடிதங்களும் இடையாட்களும்தான் போய்வந்தன. சிஸ்தானியின் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, சுருக்கமானது: அரசியலமைப்பு எழுதும் அவையை நியமிக்க ஆக்கிரமிப்பு அதிகாரத்துக்கு உரிமை கிடையாது, முதலில் பொதுத் தேர்தல், ஒவ்வொரு வாக்காளரும் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும், எழுதி முடித்த சட்டம் மறுபடியும் மக்கள் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். மதத்துக்கு அதில் இடம் குறைவு, வாக்குரிமைக்கு இடம் அதிகம். ஜனநாயகம் கற்றுத்தர வந்ததாகச் சொன்னவர்களிடம் ஒரு முதிய மார்க்க அறிஞர் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15 அன்று பிரெமர் வேறொரு திட்டத்தோடு வந்தார். 18 மாகாணங்களிலும் குழுக்கள் கூடி, அங்கீகரிக்கப்பட்டவர்கள் மட்டும் கலந்து பேசி இடைக்கால அவையைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு ஆட்சி ஒப்படைக்கப்படும். நேரடித் தேர்தலுக்கு நேரமில்லை, வாக்காளர் பட்டியலே இல்லை என்றார்கள். இந்த இடத்தில்தான் ரேஷன் அட்டை வருகிறது. ஐ.நா. தடைக்காலத்திலிருந்து ஈராக்கின் அநேகமாக எல்லாக் குடும்பங்களும் மாவும் அரிசியும் எண்ணெயும் ரேஷனில்தான் வாங்கின. பெயர், வயது, முகவரி எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருந்தன. இதையே வாக்காளர் பட்டியலாக வைத்துக்கொள்ளலாமே என்று நஜஃப் தரப்பு கேட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு அந்த யோசனையின் எளிமை உடனே புரியும். ஒரு நாட்டு மக்களைப் பற்றி அந்த நாட்டு மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்தது ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்குத் தெரியவில்லை.

2004 ஜனவரியில் பாஸ்ரா தெருக்களில் பல்லாயிரம் பேர் இறங்கினார்கள். சில நாட்களில் பாக்தாத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். துப்பாக்கி இல்லை, கல் இல்லை. கோரிக்கை ஒன்றே ஒன்று, தேர்தல். எங்கள் பொறியாளர் நடந்ததாகச் சொன்ன ஊர்வலம் அதுதான். வாஷிங்டன் வேறு வழியின்றி ஐ.நா.விடம் போனது. தூதர் லக்தர் பிராஹிமி பிப்ரவரியில் வந்து பார்த்தார். ஜூனுக்குள் முடியாது, 2005 ஜனவரிக்குள் நடத்தலாம் என்றார். குழுத் திட்டம் கைவிடப்பட்டது. 2005 ஜனவரி 30 அன்று ரேஷன் பதிவேட்டை அடிப்படையாக வைத்துத் தயாரான பட்டியலின்படி ஏறக்குறைய 85 லட்சம் பேர் வாக்களித்தார்கள். அன்று மட்டும் தாக்குதல்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வரிசைகள் கலையவில்லை. ஊதா மை தோய்ந்த விரல்களின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. வாஷிங்டனில் அந்த விரலைத் தங்கள் வெற்றியின் சின்னமாகத் தூக்கிக் காட்டினார்கள். இதைப் படித்து முடித்த இரவு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு வருடம் முன்பு வரை தடுத்தவர்கள் அவர்கள். நடந்து கேட்டவர்களின் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை.

நாற்காலி யார் தயவு

ஆனால் கேட்டு வாங்கிய தேர்தல் ஏன் 2019-இல் தஹ்ரீர் சதுக்கத்தில் போய் முடிந்தது? அதற்கான விதை தேர்தலுக்கு முன்பே போடப்பட்டிருந்தது. 2003 ஜூலையில் பிரெமர் நியமித்த ஆளும் குழுவில் 25 பேர்: ஷியாக்கள் 13, சன்னி அரபுகள் 5, குர்துகள் 5, துர்க்மன் ஒருவர், அசிரியக் கிறிஸ்தவர் ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் ஹமீத் மஜீத் மூசாவும் அதில் இருந்தார். அவரை ஷியாக் கணக்கில் வைத்தார்கள். வாழ்நாள் முழுவதும் வர்க்கம் பேசிய ஒரு மனிதர் எந்தப் பிரிவில் பிறந்தார் என்பதே அவருக்கு நாற்காலி தந்தது. முஹாஸஸா என்று ஈராக்கியர்கள் கசப்போடு சொல்லும் பங்கீட்டு முறை அரசின் உச்சியில் ஏறியது இப்படித்தான். நாடு கடந்து வாழ்ந்த எதிர்க்கட்சிகள் 1990-களிலேயே தங்கள் மாநாடுகளில் இப்படிப் பங்கு பிரித்துப் பழகியிருந்தன என்பதும் உண்மை. அந்தப் பழக்கத்தை ஆட்சிமுறையாக்கியது ஆக்கிரமிப்பு.

சிஸ்தானி தரப்புக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2005 தேர்தலில் அவருடைய ஆசி பெற்றதாகக் கருதப்பட்ட ஷியாக் கூட்டணி 275 இடங்களில் 140-ஐப் பிடித்தது. சன்னிகள் பெரும்பாலும் புறக்கணித்தார்கள். அன்பார் மாகாணத்தில் வாக்களித்தவர்கள் இரண்டு சதவீத அளவுதான். அந்த வாக்கெடுப்பு ஓரளவு தலை எண்ணும் வேலையாகிப் போனது. 2006 பிப்ரவரியில் சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலத்தின் பொற்கூரை குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட பிறகு ஷியாக்களும் சன்னிகளும் ஒருவரையொருவர் கொன்றதை எல்லோரும் அறிவோம்.

நான் அதிகம் யோசித்தது 2010 பற்றி. அந்த மார்ச் தேர்தலில் ஷியா, சன்னி இரு தரப்பு வாக்கையும் திரட்டிய இயாத் அல்லாவியின் பட்டியல் 91 இடங்கள் வென்றது. பிரதமர் நூரி அல்-மாலிகியின் பட்டியலுக்கு 89. வாக்காளர்கள் பிரிவுக் கோட்டைத் தாண்டத் தொடங்கியிருந்தார்கள். தேர்தலுக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் சேரும் கூட்டணியையும் பெரிய அணியாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. மாதக்கணக்கில் பேரம் நடந்தது. டிசம்பரில் மாலிகியே மறுபடியும் பிரதமரானார். அமெரிக்கப் படை அப்போதும் ஈராக்கில்தான் இருந்தது. வாஷிங்டனுக்கு அவர் சம்மதம், தெஹ்ரானுக்கும் சம்மதம். 91 இடம் கொடுத்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஜனநாயகம் கொண்டுவரப் போன படை இருக்கும்போதே தேர்தல் முடிவு மேசைக்கடியில் போனது என்றால், அந்தப் படை அங்கே எதைக் காத்துக்கொண்டிருந்தது?

எனக்குப் பிடிபட்டது இதுதான். ஓர் ஆட்சியாளர் தன் மக்களோடு பேசி இறங்கிவருவது நல்ல மனதால் நடப்பது அபூர்வம். வேறு வழியில்லாதபோதுதான் நடக்கிறது. அந்நியப் படை வந்து நின்றதும் அந்த வேறு வழி கிடைத்துவிடுகிறது. ஆட்சியாளர் பக்கம் நின்றாலும் சரி, கிளர்ச்சியாளர் பக்கம் நின்றாலும் சரி, சொந்த ஊர்க்காரனோடு உட்கார்ந்து பேசியாக வேண்டிய கட்டாயத்தை அது எடுத்துவிடுகிறது.

மார்ச் 2011, ஒரே வாரம்

இதை 2011 மார்ச் போலக் காட்டும் வேறு வாரம் எனக்குத் தெரியவில்லை. பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் ஒரு மாதமாக மக்கள் ஜனநாயகம் கேட்டுக் கூடியிருந்தார்கள். மார்ச் 13 அன்று பட்டத்து இளவரசர் சல்மான் பேச்சுவார்த்தைக்கு ஏழு அம்சங்களை முன்வைத்தார். முழு அதிகாரமுள்ள நாடாளுமன்றமும் மக்கள் விருப்பத்தைப் பிரதிபலிக்கும் அரசும் அவற்றில் இருந்தன. எதிர்க்கட்சிகள் தயங்கின, நிபந்தனை வைத்தன. பேரம் என்றால் அப்படித்தான் தொடங்கும். மறுநாள், மார்ச் 14, சவுதியிலிருந்து சுமார் ஆயிரம் படையினர் கடற்பாலம் தாண்டி வந்தார்கள். நான் வேலை பார்த்த அமீரகத்திலிருந்து சுமார் 500 காவலர்கள் போனார்கள். 15-ஆம் தேதி அவசரநிலை. 18-ஆம் தேதி சதுக்கத்தின் முத்து நினைவுத் தூணையே இடித்துத் தள்ளினார்கள். அந்தத் தூண் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயமும் புழக்கத்திலிருந்து மறைந்தது. ஏழு அம்சங்களைப் பற்றி அதன் பிறகு அரண்மனையில் யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. மன்னரே அமைத்த விசாரணைக் குழு அந்த ஆண்டு நவம்பரில் கொடுத்த அறிக்கை, காவலில் சித்திரவதை நடந்ததை உறுதிசெய்தது. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தலைமையகம் அதே தீவில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே, மார்ச் 17 அன்று, லிபியாவில் பொதுமக்களைக் காக்கப் படைபலத்தை அனுமதிக்கும் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரவு. இந்தியா, ஜெர்மனி, பிரேசில், ரஷ்யா, சீனா வாக்களிக்கவில்லை. மனாமாவுக்குக் காவலர்களை அனுப்பிய அமீரகம் சில நாட்களில் லிபியாவுக்குப் போர் விமானங்களை அனுப்பியது. ஒரு தலைநகரில் ஜனநாயகம் கேட்டவர்களை அடக்கவும், இன்னொரு நாட்டில் அவர்களைக் காக்கவும், ஒரே அரசு.

லிபியக் கிளர்ச்சியாளர்களின் கையிலிருந்த பெங்காசியைக் காக்கப் போனது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். லிபியாவை ஆண்ட கடாஃபியின் படை நகரத்தின் வாசலுக்கு வந்துவிட்டது, என்ன செய்வேன் என்று அவரே வானொலியில் மிரட்டியிருந்தார். உயிரைக் காப்பது தனிக் காரியம், அதற்குத் தனி நியாயம் உண்டு. ஆனால் ஏப்ரல் 10 அன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் திரிப்போலிக்குப் போய்ப் போர்நிறுத்தத் திட்டத்துக்குக் கடாஃபியைச் சம்மதிக்க வைத்தார்கள். மறுநாள் பெங்காசியில் கிளர்ச்சியாளர்கள் மறுத்தார்கள். கடாஃபியை நம்ப அவர்களுக்குக் காரணமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதோடு, மேலே நேட்டோ பறக்கும்போது கீழே யாரோடும் பேச அவசியமும் இல்லை. அதே தலைவலி வெற்றிக்குப் பிறகும் தொடர்ந்தது. 2012 ஜூலைத் தேர்தலில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள், அழகான தேர்தல் அது. மறு ஆண்டு மே மாதம் ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களைச் சுற்றி வளைத்து நிற்க, கடாஃபி காலத்தில் முக்கியப் பதவி வகித்த எவரும் அரசியலில் இருக்கக் கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. பிரெமரின் முதல் ஆணைக்கு லிபிய வடிவம். 2014 ஜூனில் வாக்களித்தவர்கள் சுமார் 6.3 லட்சமாகச் சுருங்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாடாளுமன்றங்கள், இரண்டு அரசுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெவ்வேறு வெளிநாடுகள்.

பக்கத்து நாடான துனீசியாவை வைத்துப் பாருங்கள். 2013-இல் சோக்ரி பெலாயித், முகம்மது பிராஹ்மி என்ற இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாடு பிளவின் விளிம்பில் நின்றது. அங்கே எந்தத் தரப்புக்கும் வானத்தில் துணையில்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் வழக்கறிஞர் சங்கமும் மனித உரிமைக் கழகமும் சேர்ந்து எல்லோரையும் உட்கார வைத்தன. ஆளும் அந்நஹ்தா கட்சி ஆட்சியை விட்டு இறங்கியது. 2014 ஜனவரியில் அரசியலமைப்பு வந்தது. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியதோடு அந்தக் கதையும் தேய்ந்துவிட்டது. வெளிநாட்டுப் படை வராமலேயே ஜனநாயகம் சாகும் என்பதற்கும் துனீசியாதான் சாட்சி. ஆனால் அரபு நாடுகளில் எதிரெதிர்த் தரப்புகள் உட்கார்ந்து பேசவே மாட்டா என்று சொல்பவர்களிடம் நான் அந்த 2013-ஐத்தான் காட்டுவேன்.

குவைத்தைச் சொல்லி மறுக்கலாம். 1991-இல் அமெரிக்கப் படை மீட்டது, 1992 அக்டோபரில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ஆனால் அந்த வாக்குறுதி பிறந்த நாளைப் பாருங்கள். 1986-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்த அமீர், 1990 அக்டோபரில் நாடிழந்து சவுதியில் தங்கியிருந்தபோது, ஜித்தாவில் குவைத்தின் எல்லாத் தரப்பினரையும் கூட்டி, 1962 அரசியலமைப்புக்குத் திரும்புவோம் என்று ஒப்புக்கொண்டார். அரியணையும் இல்லாமல், தன் மக்களின் ஆதரவு உலகத்தின் முன் தேவைப்பட்ட நேரம் அது. 2024 மேயில் வேறோர் அமீர் அதே நாடாளுமன்றத்தைக் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார். இந்த முறை அவருக்கு யார் சம்மதமும் தேவைப்படவில்லை.

தஹ்ரீர் சதுக்கத்துக்கு வருகிறேன். 2019-இல் அங்கே நின்றவர்களில் பலர் 2003-இல் கைக்குழந்தைகள். எழுச்சி பரவியது பாக்தாத், நாசிரியா, கர்பலா, நஜஃப், பாஸ்ரா என்று ஷியாக்கள் பெரும்பான்மையான ஊர்களில். எவர் பெயரால் பங்கு பிரித்தார்களோ அவர்களின் பிள்ளைகளே அந்தப் பங்கு வேண்டாம், எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும் என்றார்கள். சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 29 வெள்ளியன்று சிஸ்தானியின் பிரசங்கத்துக்குப் பிறகு பிரதமர் அப்துல் மஹ்தி ராஜினாமா அறிவித்தார். ஆட்சியாளர்கள் முதல்முறையாகத் தெருவைப் பார்த்துப் பேசவேண்டிய நிலை. அப்போது, 2020 ஜனவரி 3 அதிகாலை, பாக்தாத் விமான நிலையத்தருகே அமெரிக்க ட்ரோன் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்றது. இரண்டே நாளில் நாடாளுமன்றம் வேலையில்லாமையையும் ஊழலையும் விட்டுவிட்டு, அந்நியப் படையை வெளியேற்றுவது பற்றி வாக்கெடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைச் சுட்ட, ஈரான் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் நாட்டின் மானம் காப்பவர்களாக வேடம் மாற்றிக்கொண்டன. அமெரிக்காவும் வேண்டாம், ஈரானும் வேண்டாம் என்று சதுக்கத்தில் கத்தியவர்களின் குரல் அந்தச் சத்தத்தில் கேட்கவே இல்லை. எங்கள் பொறியாளர் அந்த வாரம் முழுவதும் யாரோடும் பேசவில்லை.

லிபியாவில் 2021 டிசம்பர் 24-க்கு அறிவித்த தேர்தலுக்கு 28 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள், அது நடக்கவில்லை. 2023 செப்டம்பரில் கிழக்கு லிபிய நகரமான தெர்னாவின் இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டபோது, உயிர் பிழைத்தவர்கள் பள்ளிவாசல் முன் கூடி நாடாளுமன்றத் தலைவரைப் பதவி விலகச் சொன்னார்கள். அவர் விலகவில்லை. 2024 நவம்பர் 16 அன்று 58 நகராட்சிகளில் உள்ளூர்த் தேர்தல் நடந்தது. குப்பை, தண்ணீர், சாலை என்று பேசிய தேர்தல். பதிவு செய்தவர்களில் 74 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். லிபியத் தேர்தல் ஆணையமே அதை நடத்தியது. 2025 ஆகஸ்டில் அடுத்த கட்டத்துக்கு வந்தபோது, ராணுவத் தளபதி ஹஃப்தரின் கையிலிருக்கும் கிழக்கிலும் தெற்கிலும் பல ஊர்களில் வாக்குச்சாவடி திறக்க விடவில்லை. அந்தப் பகுதிகளின் விமானத் தளங்களில் ரஷ்யப் படையினர் இருக்கிறார்கள்.